எழுத்தறிவித்தல்: மணலும் ஓலையும் அச்சும்

தோற்றுவாய்

ஐந்தாண்டு நிரம்பிய மகவுக்கு முதலெழுத்தை அறிவிக்கும் தொழில், கல்வித் துறைகளுள் மிகச் சிறியதாகத் தோன்றுவது. ஆயினும் பிற்கல்வி யாவும் அதன்மேலேயே எழுப்பப்படுதலின், அதனினும் பெரிய தொழில் கல்வித் துறையில் வேறொன்று இல்லை எனலாம். தமிழ்நாட்டில் அத்தொழில் பல நூற்றாண்டுகளாகத் திண்ணைப் பள்ளிகளில் நிகழ்ந்தது. அப்பள்ளிகளைப்பற்றி இருவேறு கொள்கைகள் வழங்கி வருகின்றன. பொருளறியாது நெட்டுருச் செய்வித்தலும் பிரம்பால் அடித்தலுமே அவற்றின் கல்வி என்று இகழ்வார் ஒருசாரார். மேனாட்டார் வருமுன் இங்கு நிலவிய கல்வி குறைவற்றது என்று புகழ்வார் மற்றொருசாரார். இவ்விரு சாராரும் ஆசிரியரையும் மாணாக்கரையும் நோக்கினரேயன்றி, அவர்கள் கையிலிருந்த கருவியை நோக்கினாரல்லர். மணல், ஓலை, அச்சு என்னும் மூன்று கருவிகளின் இயல்பை முறையே ஆராயின், திண்ணைப்பள்ளியின் வழக்கங்கள் எக்காரணம்பற்றி எழுந்தன என்பதும், அக்காரணம் நீங்கிய பின்னும் அவற்றுள் எவை வறிதே எஞ்சி நின்றன என்பதும் புலனாம்.

கணக்கும் கணக்காயரும்

கணக்கு என்னுஞ் சொல் இக்காலத்து எண்ணையே பெரிதும் குறிப்பினும், பண்டு எழுத்தையும் நூலையும் குறித்து வழங்கியது. எழுத்துக்களின் முழு வரிசை நெடுங்கணக்கு எனப்பட்டது. நாலடியார் முதலிய பதினெட்டு நூல்கள் கீழ்க்கணக்கு எனத் தொகுக்கப்பட்டன. எழுத்தறிவிக்கும் ஆசிரியன் கணக்காயன் எனப்பட்டான். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என வழங்கும் பெயரால், சங்கப் புலவருள் தலைசிறந்தார் ஒருவரின் தந்தையார் இத்தொழிலாற் பெயர் பெற்றவர் என்பது விளங்கும். எழுத்துக் கற்பித்தல் இழிதொழிலாகக் கருதப்பட்டிலது என்பதற்கு இதுவே தக்க சான்றாகும்.

முதற்சுவடிக்கு அரிச்சுவடி என்று பெயர். கல்வி தொடங்குங்கால் முதற்கண் சொல்லப்பட்ட மங்கலச் சொல்லாகிய ஹரி என்பதால் இப்பெயர் வந்தது என்பர். அச்சொல்லோடு சேர்த்துச் சிறுவர் ஓதிய தொடர் ‘நமோத்து சிந்தம்’ என்பது. இத்தொடரின் பொருளைப் பிற்காலத்து ஓதுவித்தாரும் அறிந்திலர். ‘நமோத்து சித்தம்’ என்பதே இவ்வாறு திரிந்து வழங்கியது. சித்தம் என்பது வடநாட்டிலும் அரிச்சுவடிக்குரிய பெயராய் இருந்தது. கி. பி. ஏழாம் நூற்றாண்டின் இறுதியில் இந்நாட்டுக்கு வந்திருந்த இத்சிங் என்னும் சீனத் துறவி, சிறுவர் ஆறு வயதிற் சித்தம் என்னும் முதனூலைத் தொடங்கி ஆறு திங்களில் முடிப்பர் என்றும், அதன்கண் 49 எழுத்துக்களும் அவற்றின் கூட்டங்களும் அடங்கும் என்றும் எழுதிவைத்தனர். சமணமும் பௌத்தமும் தமிழ்நாட்டிற் செல்வாக்கிழந்து பல நூற்றாண்டு கழிந்த பின்னும், வைணவச் சிறுவரும் சைவச் சிறுவரும் இம்முதற்றொடரைத் திண்ணையிலிருந்து ஓதி வந்தனர். சமயங்கள் தம்முள் மாறுபட்டபோதும், எழுத்தறிவிக்கும் முறை கைமாறிக் கைமாறி அறாது வந்தது என்பதற்கு இஃதொரு சான்று.

மணல்

விசயதசமியன்று ஏடு தொடக்குதலும், பரப்பிய அரிசியில் ஆசான் மகவின் விரல் பிடித்து எழுதுவித்தலும் கல்வித் தொடக்கமாம். அதன்பின் மகவுக்கு முதற்சுவடியாய் அமைந்தது மணல். தரையிற் பரப்பிய மெல்லிய மணலிற் சுட்டுவிரலால் எழுத்தை வரைவதும், வரையுங்கால் அவ்வெழுத்தின் பெயரை உரக்கக் கூறுவதும், கையால் தடவி அழித்து மீண்டும் வரைவதும் முறையாகும்.

இக்கருவியின் சிறப்புக்கள் மூன்று. முதலாவது, விலையின்மை. வறியவன் மகனும் செல்வன் மகனும் ஒரே மணலில் எழுதினர். இரண்டாவது, பிழை நில்லாமை. தவறாக வரைந்த எழுத்து ஒரு தடவலில் மறைதலின், மகவு பிழைக்கு அஞ்சவேண்டுவதில்லை. மூன்றாவது, கண்ணும் கையும் வாயும் செவியும் ஒருங்கே தொழிற்படுதல். எழுத்தின் வளைவை விரல் உணரும். அதன் பெயரை வாய் கூறும். அயலிலிருந்தார் கூறுவதைச் செவி கேட்கும். பயில்தற்கெளிய கருவி பிறிதொன்று அக்காலத்து இல்லை.

எழுத்துக்களை ஓதிய முறையும் ஈண்டு நோக்கற்பாலது. ‘அனா, ஆவன்னா, இனா, ஈயன்னா, உனா, ஊவன்னா, எனா, ஏயன்னா, ஐயன்னா, ஒனா, ஓவன்னா, ஔவன்னா’ என்பது திண்ணைப்பள்ளியின் ஓசை. வழக்கில் அனா என்பது ஆனா என நீண்டும் ஒலிக்கும். இதனைக் கல்லார் கூட்டிய வெற்றொலி எனக் கருதுவாரும் உளர். அஃது அவ்வாறன்று. எழுத்தைத் தனியே கூறுங்கால் ஒரு சாரியை சேர்த்துக் கூறுதல் தமிழ் மரபு. கரம், காரம், கான் என்னும் எழுத்துச் சாரியைகளைத் தொல்காப்பியம் கூறுகின்றது. குறிலுக்கும் நெடிலுக்கும் அவை சேருமாற்றையும் வகுத்துரைக்கின்றது. திண்ணைப்பள்ளியும் அம்மரபைத் தன் வழியே போற்றியது. குறிலாயின் ‘னா’ மட்டுமே சேரும். நெடிலாயின் ‘அன்னா’ சேரும். ஆகவே ஓசையைக் கேட்ட அளவில் எழுத்துக் குறிலோ நெடிலோ என்பது மகவுக்குத் தெளிவாம்.

இதனினும் வியக்கத்தக்கது ஒன்றுண்டு. ஆ, ஊ, ஓ, ஔ என்பவற்றோடு ‘அன்னா’ சேருங்கால் இடையில் வகரம் தோன்றுகின்றது. ஈ, ஐ என்பவற்றோடு சேருங்கால் யகரம் தோன்றுகின்றது. ஏகாரத்திற்கு வழக்கில் யகரம் வந்தது. உயிரீற்றின்முன் உயிர் வருங்கால் இன்ன உயிர்க்கு யகரமும் இன்ன உயிர்க்கு வகரமும் உடம்படுமெய்யாம் என நன்னூலார் விதித்த இலக்கணமும் இதுவேயாம். ஏகாரத்திற்கு இரண்டும் உரிய என்பதும் அவர் விதி. இலக்கணம் என்னும் பெயரைக் கேளாத ஐந்து வயது மகவு, புணர்ச்சி விதியை நாட்பல ஓதி நாவிற் பதித்துக்கொண்டது. பிற்காலத்து நன்னூல் கற்குங்கால், தான் முன்னரே அறிந்த ஒன்றுக்குப் பெயர் சூட்டுவதாகவே அவ்விதி அவனுக்குத் தோன்றும்.

இம்மணற்பள்ளியை அயல்நாட்டார் பலர் கண்டு எழுதினர். இத்தாலிய வழிச்செலவினராகிய பியேத்ரோ தெல்லா வாலே 1623ஆம் ஆண்டில் கன்னட நாட்டில் ஒரு கோயில் முகப்பிற் சிறுவர் நால்வர் ஆசிரியரின்றித் தாமே அமர்ந்து, தரையிற் பரப்பிய நுண்மணலில் விரலால் எண் எழுதி, அதனை இசையோடு ஓதிப் பயிலக் கண்டனர். 1706ஆம் ஆண்டில் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, தமிழ் கற்கும் பொருட்டுத் திண்ணைப்பள்ளி ஆசிரியர் ஒருவரை மாணாக்கரோடு தம் மனைக்கு வருவித்து, அச்சிறுவருடன் தாமும் மணலில் எழுதிப் பயின்றனர். தமிழ் அச்சுக்கூடத்தை 1713இல் தரங்கம்பாடியில் இயங்கச் செய்தவரே முதற்கண் மணலில் எழுதிப் பயின்றார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

ஓலை

மணலிற் கை திருந்திய பின்னரே மாணாக்கன் ஓலையைத் தொடுவான். பனையோலையை வாரிப் பதப்படுத்தி, அளவாக நறுக்கித் துளையிட்டுக் கயிறு கோத்தல் ஆசிரியரும் மூத்த மாணாக்கரும் செய்யும் தொழில். ஆசிரியர் எழுதிக் கொடுக்கும் முதல் ஓலை சட்டம் எனப்பட்டது. அதனைப் பார்த்து அவ்வண்ணமே எழுதுதல் மாணாக்கன் கடன். இடக்கையில் ஓலையைத் தாங்கி, இடப் பெருவிரலால் எழுத்தாணியை உந்தி, வலக்கையால் எழுதவேண்டுதலின், இத்தொழில் கைவர நாட்பல செல்லும். எழுதிய ஓலையிற் கரியும் மஞ்சளும் இலைச்சாறும் பூசி எழுத்தை விளங்கச் செய்தலும் பயிற்சியின் ஒரு கூறே. ஆதலின் மாணாக்கன் கையில் இருந்த நூல் விலைக்கு வாங்கியதன்று. அவன் கற்றுத் தேர்ந்ததன் அடையாளமாக எய்தியது.

இனி, நெட்டுருவைப்பற்றிய வழக்கு இவ்விடத்தே தீர்க்கப்படவேண்டும். ஓலைச்சுவடியின் எழுத்து இக்கால அச்செழுத்துப் போன்றதன்று. புள்ளியிட்டால் ஓலை கிழியும் என்று அஞ்சிப் பெரும்பாலும் புள்ளியை விடுத்து எழுதினர். எகர ஒகரங்களின் குறிலும் நெடிலும் வேறுபாடின்றி நின்றன. ஆகார உயிர்மெய்க்குரிய காலும் ரகரமும் ஒரே வடிவின. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே வெளியில்லை. அடியின் இறுதியும் பாட்டின் இறுதியும் பிரித்துக் காட்டப்படா. எரி, ஏரி என்னும் இரண்டும் ஒன்றாகவே எழுதப்பட்டன. பொது, போது என்பனவும் அவ்வாறே. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டைக் கொம்பின் வடிவால் தெளிவுபடுத்திய சீர்திருத்தம் பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவரால் எழுந்தது என்பர். அதன் பின்னும் ஓலையெழுதுவோர் பலர் பழைய வழக்கையே கைக்கொண்டனர்.

இவ்வாறாயின், எழுத்தை மட்டும் அறிந்தவன் ஓலையைப் படித்தல் இயலாது. பாட்டை முன்னரே செவியாற் கேட்டு மனத்திற் கொண்டவனே அதனை ஓலையிற் கண்டு படிக்க வல்லவன். ஓலை என்பது அறியாததை அறிவிக்கும் கருவியாக அன்றி, அறிந்ததை நினைவுறுத்தும் கருவியாகவே முதற்கண் நின்றது. எனவே ஆத்திசூடி, கொன்றைவேந்தன், உலகநீதி, மூதுரை, நல்வழி, வெற்றிவேற்கை முதலியவற்றை முதலில் நெட்டுருச் செய்வித்துப் பின்னர் எழுதுவித்தது ஆசிரியர் அறியாமையன்று. அக்கருவிக்குரிய முறை அதுவேயாம். எழுத்து வரிசையில் அடிகள் தொடங்குமாறு அமைந்த ஆத்திசூடி, அரிச்சுவடியின் வரிசையை மறவாது காத்தற்கும், எழுத்திலிருந்து சொல்லுக்குச் செல்லுதற்கும் ஏற்ற வாயிலாயிற்று.

சொற்பொருட் கல்விக்கு நிகண்டு அமைந்தது. திவாகரமும் பிங்கலமும் நூற்பாவால் ஆனவை. மண்டல புருடர் இயற்றிய சூடாமணி நிகண்டோ விருத்தத்தால் ஆயது. ஓசை இன்பத்தால் எளிதில் மனத்தமைவது. ஆதலின் பள்ளிகளில் மிகுதியும் பயின்றது. அதன் பதினோராம் தொகுதி, ஒரு சொல் பல்பொருளை எதுகை வரிசையில் வைத்துக் கூறுவது. அகரவரிசை அகராதி கைக்கு வாராத காலத்து, வேண்டிய சொல்லை மனத்தினின்றும் எடுத்தற்கு எதுகையே சுட்டாக உதவியது. சமணர் ஒருவர் செய்த நிகண்டு சைவப் பள்ளிகளிலும் வேறுபாடின்றி ஓதப்பட்டது என்பதும் கருதத்தக்கது.

எழுத்தோடு எண்ணும் உடன் சென்றது. எண்சுவடியில் முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. காணி 80இல் ஒரு பங்கு. மா 20இல் ஒரு பங்கு. கால், அரை, முக்கால் என்பவற்றோடு இவற்றின் பெருக்கங்களையும் சிறுவர் மாலைதோறும் ஒரே குரலில் ஓதினர். நெல்லளத்தலும் நிலமளத்தலும் கூலி கணக்கிடுதலும் நாளும் நிகழும் ஊரில் இக்கல்வி வெறும் நெட்டுரு ஆகாது. ஓதிய மறுநாளே களத்துமேட்டில் அது பயன்பட்டது.

சட்டாம்பிள்ளை

ஒரே ஆசிரியர், ஒரே திண்ணை, மணலில் எழுதுவோர் முதல் நிகண்டு ஓதுவோர் வரை பல படியினரான மாணாக்கர். இந்நிலையில் மூத்த மாணாக்கனைக் கொண்டு இளையோர்க்குக் கற்பித்தல் இன்றியமையாததாயிற்று. அம்மூத்தோன் சட்டாம்பிள்ளை எனப்பட்டான். தான் கற்றதைப் பிறர்க்குக் கற்பித்தலால் அவன் கல்வி உறுதிபெற்றது. சிறுவன் மொழியிற் சிறுவன் கேட்டலால் இளையோர் கல்வியும் எளிதாயிற்று.

இம்முறை கடல் கடந்து சென்ற வரலாறு அறியற்பாலது. ஆந்திரு பெல் என்னும் ஸ்காத்லாந்து நாட்டுப் பாதிரியார் 1787இல் இந்தியாவுக்கு வந்து, 1789இல் சென்னை எழும்பூரில் ஐரோப்பியப் படைவீரரின் ஆண்மக்களுக்கென ஏற்பட்ட அநாதை விடுதிக்குத் தலைவராயினர். ஒரு நாள் அவர் சிறுவர் மணலில் எழுதும் பள்ளியொன்றைக் கண்டு, அதனைத் தம் விடுதியில் நடத்த விரும்பினர். அங்கிருந்த ஆசிரியர்கள் அதற்கு உடன்படவில்லை. எனவே எட்டு வயதினனாகிய ஜான் பிரிஸ்கென் என்னும் சிறுவனை அரிச்சுவடி வகுப்புக்கு ஆசிரியனாக்கினர். அவன் வெற்றி கண்டான். பெல் 1796இற் சென்னையை விட்டு நீங்கி, 1797இல் இலண்டனில் இம்முயற்சியைப்பற்றி நூலொன்று வெளியிட்டனர். 1798இல் ஜோசப் லங்காஸ்தர் என்பார் இலண்டனில் ஒரு பள்ளி தொடங்கி இம்முறையை ஒத்த முறையொன்றைப் பெரிதாக வளர்த்தனர். இருவருள் முந்தியவர் யார் என்னும் பூசல் இங்கிலாந்தில் நெடுநாள் நிகழ்ந்தது. 1811இல் ஆங்கிலத் திருச்சபையைச் சார்ந்து எழுந்த தேசியச் சங்கம் பெல்லின் முறையைப் பள்ளிகள் பலவற்றிற் பரப்பியது. அது ‘சென்னை முறை’ என்றே பெயர் பெற்றது.

மணலெழுத்தை மலபார்ப் பள்ளியிற் கண்டதாக பெல் மறையாது உரைத்தனர். மலபார் என்பது அக்கால ஐரோப்பியர் தமிழரைக் குறித்து வழங்கிய பெயர். ஆனால் சிறுவனைக் கொண்டு சிறுவர்க்குக் கற்பித்தலைத் தம் விடுதியில் தாமே கண்ட புதுமையாகக் கருதினர். ஈண்டு வேண்டுவது உரிமைப் பூசலன்று. எது சென்றது, எது செல்லவில்லை என்பதே. மணலும் சட்டாம்பிள்ளையும் சென்றன. செலவு குறைந்தது, ஒரே ஆசிரியர் நூற்றுக்கணக்கானோரை நடத்துதல் கூடிற்று. திண்ணையில் ஆசிரியர் ஒவ்வொரு மகவையும் பெயரும் குடியும் அறிந்து, அவனவன் படிக்கேற்பத் தனித்தனிச் சட்டம் எழுதிக் கொடுத்தனர். சட்டாம்பிள்ளை அவர்க்குத் துணையேயன்றி மாற்றல்லன். பெருங்கூடத்திற் சிறுவரை வரிசை வரிசையாக நிறுத்திக் கட்டளைக்கேற்ப இயக்கிய இங்கிலாந்துப் பள்ளிகளில் அத்தொடர்பு அற்றது. அதனாலன்றோ அந்நாட்டிலேயே சில பத்தாண்டுகளுள் இம்முறை செல்வாக்கிழந்து, பயின்ற ஆசிரியர் வேண்டும் என்னும் கொள்கை எழுந்தது!

எண்ணிக்கையும் குறையும்

சென்னை மாகாண ஆளுநராகிய சர் தாமஸ் மன்றோ 1822இல் மாகாணத்துப் பள்ளிகளின் தொகையைத் தெரிவிக்குமாறு மாவட்டத் தலைவர்களுக்கு ஆணையிட்டனர். அவ்வறிக்கைகளைத் தொகுத்து 1826இல் அவர் எழுதிய குறிப்பின்படி, 1,28,50,941 மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணாக்கரும் இருந்தனர். மனைகளிற் கற்பாரையும் சேர்த்தெண்ணினால் ஐந்து முதல் பத்து வயது வரையுள்ள ஆண்மக்களிற் கற்போர் மூன்றிலொரு பங்கை அணுகுவர் என்பது அவர் மதிப்பு. ஆசிரியர் வருவாய் திங்களொன்றுக்கு ஆறு ஏழு ரூபாவுக்கு மேற்படாமையையும் அவர் பெருங்குறையாகக் கூறினர்.

இவ்வெண்ணிக்கை திண்ணைப்பள்ளியின் பரப்பைக் காட்டுவதுபோலவே அதன் எல்லையையும் காட்டுகின்றது. தமிழ் மாவட்டங்களிற் பயின்றோருட் பெரும்பாலார் பார்ப்பனரல்லாத பிற வகுப்பினரே. ஆதலின் கல்வி ஒரு வகுப்பினர்க்கே உரியதாயிருந்தது என்பது பொருந்தாது. எனினும் பெண்மக்கள் மிகச் சிலரே. அச்சிலருள்ளும் பலர் கோயில்களில் ஆடல் பாடல் தொழிலுக்குரியோர். தீண்டாமையாற் புறத்தே நிறுத்தப்பட்ட மக்களின் பிள்ளைகள் திண்ணையேறுதல் பெரும்பாலும் இல்லையாயிற்று. மணல் விலையற்றது, அம்மணலருகே அமரும் உரிமை விலையற்றதாக இல்லை. பழைய பள்ளியைப் புகழ்வார் இதனை மறைத்துப் புகழ்தல் முறையன்று.

அவ்வறிக்கைகளுள் 1823 ஆகத்து 17ஆம் நாள் பெல்லாரி மாவட்டத் தலைவர் காம்பெல் எழுதியது சிறப்புடையது. பெல்லாரி கன்னடமும் தெலுங்கும் வழங்கும் நாடாயினும், அவர் கூறும் வழக்கங்களிற் பல தமிழ்த் திண்ணைக்கும் ஒப்பனவே. காலையில் முதலில் வந்த சிறுவன் உள்ளங்கையில் கலைமகள் பெயர் எழுதப்படும், இரண்டாவது வந்தவன் கையிற் புகழும் இகழுமின்மைக்கு அறிகுறியாகச் சுன்னம் எழுதப்படும், மூன்றாமவனுக்கு மெல்லிய ஓரடி, நான்காமவனுக்கு இரண்டடி, இவ்வாறே பின்வருவார்க்கும் ஏறும். தமிழ்நாட்டிலோ கோதண்டம் ஏற்றுதல், காலிற் குட்டை பூட்டுதல் முதலிய கொடுந்தண்டங்களும் இருந்தன. ஐந்து வயது மகவு கல்வியை அச்சத்தோடு இணைத்தறிதற்கு இவை காரணமாயின. மணல் பிழையைப் பொறுத்தது, பிரம்பு பொறுத்திலது.

சிறுவர் செலவின்றி எழுதப் பயில்வதையும், மூத்தோர் இளையோர்க்குக் கற்பிக்கும் முறையையும் காம்பெல் பாராட்டினர்; இங்கிலாந்து அதனைப் பின்பற்றியது தக்கதே என்றனர். ஆனால் ஓதும் பாட்டின் பொருள் மாணாக்கர்க்கு விளங்குவதில்லை என்றும், நூன்மொழி வேறு பேச்சுமொழி வேறாய் இருத்தலே அதற்கு ஏது என்றும் குறை கூறினர். இக்குறையை முற்றும் மறுத்தல் இயலாது. நெட்டுருவே குற்றம் என்பது பொருந்தாமை முன்னர்க் காட்டப்பட்டது. குற்றம் நிகழ்ந்த இடம் வேறு. ஓசையை முன்னும் பொருளைப் பின்னும் வைக்கும் முறை, பின்னர்த் தீர்க்கப்படும் கடன் போன்றது. பத்தாண்டு திண்ணையிலிருந்தவன் நிகண்டும் உரையும் கேட்டுப் பொருளெய்தினான். ஈராண்டு மூவாண்டில் நின்றுவிட்டவனுக்கோ கடன் தீர்க்கப்படாமலே ஒழிந்தது. அவன் நாவில் ஆத்திசூடி இருந்தது. அதன் பொருள் இல்லை. நெசவு முதலிய தொழில்கள் நலிந்து குடிகள் வறுமையுற்றமையால் பெற்றோர் மக்களை இளமையிலேயே பள்ளியினின்றும் நிறுத்தினர் என்று காம்பெலே எழுதுகின்றனர். நாடு வறுமையுறுந்தோறும் இம்முறையின் குறை வெளிப்பட்டது.

அச்சும் நாவலரும்

1835இல் இந்தியர் தடையின்றி அச்சுக்கூடம் வைத்து நடத்தச் சட்டம் இடந்தந்தது. ஓலையிற் பலகாலும் எழுதப்படாத புள்ளி, அச்சிற் கிழிவுக்கு அஞ்சவேண்டாது நின்றது. சொற்களைப் பிரித்து வைத்தலும் கூடிற்று. ஒரு நூலின் படிகள் யாவும் ஒரே தன்மையவாயின. ஆகவே முன்னர்க் கேளாத ஒன்றையும் எழுத்தறிந்த சிறுவன் தானே படித்தறியும் நிலை முதன்முறையாக வந்தது. நெட்டுருவை முதலாக வைத்தற்கு இருந்த காரணம் இதனால் நீங்கிற்று. காரணம் நீங்கியதை உணர்ந்து முறையை மாற்றியமைத்தாருள் முதல்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் யாழ்ப்பாணத்து நல்லூர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்கள்.

1822இற் பிறந்த நாவலர் ஐந்தாம் வயதில் நல்லூர்ச் சுப்பிரமணிய பிள்ளையிடம் பழைய முறையில் எழுத்தும் நீதிநூல்களும் பயின்றனர். பின்னர் இருபாலைச் சேனாதிராச முதலியார், நல்லூர்ச் சரவணமுத்துப் புலவர் என்பாரிடம் இலக்கண இலக்கியங் கற்றனர். பீற்றர் பார்சிவல் பாதிரியார் நடத்திய ஆங்கிலப் பள்ளியிற் பயின்று, அங்கேயே ஆசிரியருமாயினர். இவ்வாறு திண்ணையையும் பாதிரியார் பள்ளியையும் உள்ளிருந்து அறிந்தவராதலின், இரண்டின் வலியும் மெலிவும் அவர்க்கு விளங்கின. 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினர். பாடநூலின்றிப் பாடசாலை நடவாது என்று கண்டு, 1849இற் சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் கொணர்ந்தனர். அச்செலவின்போதே திருவாவடுதுறை ஆதீனத்தார் அவர்க்கு நாவலர் என்னும் பட்டம் வழங்கினர். வண்ணார்பண்ணையில் நிறுவிய அச்சுக்கூடத்திற்கு வித்தியாநுபாலன யந்திரசாலை என்று பெயரிட்டனர்.

1850ஆம் ஆண்டளவில் வெளிவரத் தொடங்கிய பாலபாடங்கள் முதலெழுத்துக் கல்வியின் வரலாற்றில் ஒரு திருப்பமாம். எழுத்தினின்று சொல்லுக்கும், சொல்லினின்று சிறு வாக்கியத்துக்கும், வாக்கியத்தினின்று வசனத்துக்கும் படிப்படியாக ஏறுதல் அவற்றின் முறை. ஓசைக்குப் பின் பொருள் என்னும் பழைய வரிசை இதன்கண் மாறிற்று. படிக்கும்போதே பொருளும் விளங்கிற்று. நான்காம் பாலபாடத்திற் கடவுள், அருள், கொலை, கள்ளுண்ணல், களவு முதலிய பொருள்கள்மேல் தனித்தனி வசனக் கட்டுரைகள் அமைந்தன. பாட்டால் மட்டும் கூறப்பட்டு வந்த நீதி, சிறுவர்க்கென வகுத்த வசனத்தாற் கூறப்படலாயிற்று. சொற்களைச் சந்தி பிரித்துக் காட்டியும், நிறுத்தக் குறிகளை இட்டும் அவர் பதிப்பித்தமை, படிக்கும் கண்ணுக்குப் பேருதவியாயிற்று.

ஆயினும் நாவலர் பழையதை முற்றும் தள்ளினாரல்லர். ஔவையார் நூல்களை உரையோடு பதிப்பித்தனர். சைவ வினாவிடை இயற்றி, வினாவும் விடையுமாகப் பொருளைத் தெளிவித்தனர். நெட்டுருவை நிறுத்தாமல், நெட்டுருச் செய்வதற்குப் பொருளை உடன் சேர்த்தமையே அவர் செய்த மாற்றம். 1864இற் சிதம்பரத்திலும் ஒரு வித்தியாசாலையை நிறுவினர். அவர் சாதியாசாரத்தை வலியுறுத்தியவராதலின், எல்லார்க்கும் ஒப்பத் திறந்த கல்வியை அவர்பால் எதிர்பார்த்தல் பொருந்தாது. கருவியையும் முறையையும் மாற்றிய அவர், திண்ணையின் பழைய எல்லையை மாற்றினாரல்லர். அஃது பிற்காலத்தார் செய்ய எஞ்சி நின்ற கடன்.

பிற்காலம்

1854ஆம் ஆண்டுக் கல்வி ஆணைக்குப்பின் அரசினர் உதவித்தொகையும் மேற்பார்வையாளரும் அட்டவணைப் பாடங்களும் வந்தன. மணலின் இடத்தைக் கற்பலகையும், ஓலையின் இடத்தை அச்சுப் புத்தகமும் பெற்றன. ஆனால் நிகழ்ந்த ஒரு விபரீதம் கூர்ந்து நோக்கற்குரியது. நெட்டுருவுக்கு ஏதுவாயிருந்த ஓலை போயிற்று; நெட்டுரு போகவில்லை. நெட்டுருவைப் பின்தொடர்ந்து வந்த நிகண்டும் உரையும் ஆசிரியரின் தனிநோக்கும் போயின. அவற்றின் இடத்தில் தேர்வு வந்தது. விளங்கும் வசனத்தையும் விளங்காமலே ஒப்பித்தல் சிறுவர்க்குப் பழக்கமாயிற்று. திண்ணையில் இது கருவியின் குறைவால் நேர்ந்தது. புதிய பள்ளியில் ஆசிரியர் நினையாமையால் நேர்ந்தது. பின்னதே பெருங்குற்றம்.

அண்மைக் காலத்துச் சீர்திருத்தங்கள் சில, அறிந்தோ அறியாமலோ பழைய திண்ணையின் நற்கூறுகளை மீட்டன. 2003இற் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி 2007இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளிற் பரவிய செயல்வழிக் கற்றலில், பல படியினரான மக்கள் ஒரே அறையில் தரையிலமர்ந்து, அட்டைகளைக் கொண்டு அவரவர் படிக்கேற்பப் பயின்றனர். கற்றவர் கல்லாதவர்க்கு உதவினர். 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ என்னும் திட்டம், முதல் மூன்று வகுப்புக்களில் எழுத்தறிவும் எண்ணறிவும் பொருளோடு நிலைபெறவேண்டும் என்பதனை நோக்கமாகக் கொண்டது.

முடிபு

மேற்கூறியவற்றால் தெளிவனவாவன: திண்ணைப்பள்ளியின் நெட்டுரு அறியாமையின் விளைவன்று; புள்ளியும் இடைவெளியுமில்லாத ஓலையைப் படித்தற்கு அமைந்த வழி. எழுத்தின் பெயரை ஓதிய முறையிலேயே குறில் நெடில் வேறுபாடும் புணர்ச்சி விதியும் அடங்கியிருந்தன. மணலும் சட்டாம்பிள்ளையும் கடல் கடந்து சென்று புகழ்பெற்றபோதும், ஆசிரியரின் தனிநோக்கு உடன் செல்லாமையால் அம்முறை அங்கு நிலைத்திலது. அச்சு வந்தபோது, கருவி மாறின் முறையும் மாறவேண்டும் என்றுணர்ந்து பொருளை ஓசையோடு உடன் வைத்தமையே நாவலரின் பெருந்தொண்டு. பெண்மக்களையும் தாழ்த்தப்பட்டோர் மக்களையும் புறத்தே நிறுத்தியதும், பிரம்பை ஆசானாக்கியதும் பழைய முறையின் நீங்காக் குற்றங்கள்.

இனிப் புதிய கருவி எதுவரினும் அதனை அளத்தற்குரிய கோலும் இவ்வரலாற்றினின்றே கிடைக்கின்றது. அக்கருவியின்முன் மகவு பிழைக்கு அஞ்சாது எழுதுகின்றானா? கையும் வாயும் செவியும் ஒருங்கு தொழிற்படுகின்றனவா? ஆசிரியர் அவனைத் தனியே அறிகின்றனரா? அவன் இன்று ஓதியதன் பொருள் அவன் பள்ளியை விட்டு நீங்குமுன் அவனுக்கு விளங்குகின்றதா? ஊரிலுள்ள மகவு யாவும் அக்கருவியின் அருகே அமர்கின்றனவா? இவ்வைந்து வினாக்களுக்கும் ஒருங்கே ஆம் என்று விடை கூறத்தக்க பள்ளி, மணலில் எழுதுவிப்பினும், அட்டையிற் படிப்பிப்பினும், எழுத்தறிவித்தல் என்னும் பெயருக்கு உரியதாம்.